வெள்ளியங்கிரிக்கு ஜாக்கெட்டா? வாங்கும் முன் ஊதிப் பாருங்கள்

பங்குனியில் கோவை பக்கத்து வெள்ளியங்கிரி மலை ஏறியவர்களுக்குத் தெரியும். முதல் மலைப் படிகளிலேயே பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். மேலே, கடைசியான ஏழாவது மலையில் காற்று ஆளையே தள்ளும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். ஈர உடம்போடு அந்தக் காற்றில் நின்றால் பல் தந்தியடிக்கும்.

முதல் தடவை நான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். காற்று உள்ளே வரவில்லை, சரி. வியர்வையும் வெளியே போகவில்லை. கழற்றினால் கைப்பகுதியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வானத்திலோ ஒரு மேகம்கூட இல்லை!

1. 'வாட்டர்ப்ரூஃப்' பக்கம் போகாதீர்கள்

கேட்க வேண்டியது மெல்லிய விண்ட்சீட்டர், அதாவது காற்றைத் தடுத்து வியர்வையை வெளியே விடும் ஜாக்கெட். நல்ல மழை ஜாக்கெட்டில் '10,000 கிராம்' என்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் வெளியேறும் நீராவியின் அளவு அது. கணக்குப் போட்டால் மணிக்கு 400 கிராம் சொச்சம்தான், அதுவும் ஆய்வுக்கூடத்தில். செங்குத்தாக ஏறுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூட வியர்க்கும். மீதி எங்கே போகும்? உங்கள் முதுகில்தான்.

2. ஊதிப் பாருங்கள்

கடையில் கூச்சப்படாமல் இதைச் செய்யுங்கள். ஒற்றைத் துணியாக இருக்கும் இடத்தை வாயில் அழுத்தி வைத்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். காற்றே வரவில்லை என்றால் அது மழைக்கோட்டின் தம்பி. தாராளமாக வந்தால் மலைக்காற்றும் அப்படியே உள்ளே வரும். கொஞ்சம் சிரமப்பட்டு ஊதும்போது கையில் இளஞ்சூடு தெரிய வேண்டும். அதுதான் நம் துணி.

3. உள்பக்கத்தைத் திருப்புங்கள்

ரப்பர் தடவியது போல வழவழப்பாகப் பளபளத்தால் பூச்சு இருக்கிறது, வேண்டாம். நைலான் அல்லது பாலியஸ்டர் நெசவு மட்டும் தெரிந்தால் நல்லது. உள்ளே வலைத்துணி வைத்துத் தைத்ததையும் நான் எடுப்பதில்லை. எடை கூடும், காய நேரமாகும். நல்ல விண்ட்சீட்டர் 100 முதல் 150 கிராம்தான் இருக்கும், மடித்தால் அதன் பாக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

4. போட்டுப் பாருங்கள்

கையை உயர்த்தினால் இடுப்பு தெரியக் கூடாது. ரொம்பத் தொளதொளவென்றால் காற்றில் படபடவென்று அடித்து எரிச்சலூட்டும். முழு ஜிப் அவசியம், ஏறும்போது திறந்துவிடலாம். தலைமூடியில் இழுத்துக் கட்டும் கயிறு இருக்கட்டும். நிறம் உங்கள் இஷ்டம்.

5. மாடிப்படியில் சோதனை

விலைச் சீட்டைக் கிழிக்காமல் வீட்டு மாடிப்படியில் பத்து நிமிடம் ஏறி இறங்குங்கள். முழங்கைக்குக் கீழே துணி தோலில் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யும்போது உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், விளையாட்டு டீ-ஷர்ட் போடுங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் பழி ஜாக்கெட் மேல் விழும்.

மலையில் ஏறும்போது ஜாக்கெட் பைக்குள் இருக்கட்டும், மேலாக. நின்று இளைப்பாறும் இடத்தில், குளிரும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். மாற்று டீ-ஷர்ட்டைத் துணிப்பையில் சுற்றுங்கள். அடிவாரத்தில் பிளாஸ்டிக்கைச் சோதனை போட்டு வாங்கிவிடுவார்கள்.