பிச்சை என்பது அப்பா பெயர்: மதுரைக்காரர்களுக்கு சர்நேம் தேடும்போது நடக்கும் தவறுகள்

1972இல் மதுரையில் பிறந்த கூகுளின் சுந்தர் பிச்சையை உலகமே 'மிஸ்டர் பிச்சை' என்கிறது. அவருக்கு வைத்த பெயர் சுந்தரராஜன். பிச்சை அவருடைய அப்பா. முழுப்பெயர் ரகுநாத பிச்சை. ஊரிலேயே இருந்திருந்தால் பி. சுந்தரராஜன் என்று எழுதி முடித்திருப்பார்கள். கடல் தாண்டியதும் இனிஷியல் பின்னால் போய் உட்கார்ந்து சர்நேம் ஆகிவிட்டது. 'பிச்சை அறிவித்தார்' என்று தலைப்பு பார்க்கும்போதெல்லாம், அப்பா எதற்கு அறிவித்தார் என்று எனக்குத் தோன்றும். பிச்சை என்பது சாமியிடம் கேட்டு வாங்கிய பிள்ளைக்கு வைக்கிற வேண்டுதல் பெயர். பிச்சை, பிச்சைமணி, பிச்சையம்மாள் என்று நம் பக்கம் எத்தனையோ பேர். இவர்களையெல்லாம் 'பிச்சை குடும்பம்' என்று ஒரே பட்டியலில் போட்டால் ஒருவருக்கொருவர் சொந்தமே இருக்காது.

பெயரின் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாத் தவறுக்கும் மூத்தது. மதுரையில் கடைசிச் சொல் பெரும்பாலும் அந்த ஆள்தான். முன்னால் இருப்பதெல்லாம் விலாசம். இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. சங்கப் புலவர் பெயர் ஒன்றைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், அப்பா, அப்புறம் ஆள். இதையே சுருக்கினால் ம.க. நக்கீரனார், அவ்வளவுதான்.

1916இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் இதே வரிசைதான். எம் என்றால் மதுரை. எஸ்? அங்கேதான் அடுத்த தவறு காத்திருக்கிறது. இரண்டாவது எழுத்து அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து அப்பா பெயரைத் தேடுவார்கள். எஸ் என்பது அம்மா, வீணைக் கலைஞர் சண்முகவடிவு.

சரி, முதல் எழுத்தாவது ஊர்தானா? அதையும் நம்பக் கூடாது. டி.எம். சௌந்தரராஜனின் டி-க்கு என்னென்ன ஊர்களையோ ஊகிப்பார்கள். அது தொகுளுவ, சௌராஷ்டிரக் குடும்பத்தின் வீட்டுப்பெயர். எம் என்பது அப்பா மீனாட்சி ஐயங்கார். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக வாழும் சௌராஷ்டிரர்களிடம் வீட்டுப்பெயர் உண்டு. தெலுங்கு பேசும் குடும்பங்களிலும் உண்டு, அவர்கள் அதை இண்டிப்பேரு என்பார்கள். உண்மையான குடும்பப் பெயர் என்று மதுரையில் ஏதாவது இருந்தால் அது இந்த வீட்டுப்பெயர்தான். ஆனால் அது நிற்பதோ பெயருக்கு முன்னால், அதுவும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி. சம்பந்தம் பேசும்போதுதான் முழுசாக வெளியே வரும். 'ஐயங்கார்' என்பதைப் பார்த்து டி.எம்.எஸ்ஸைத் தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் சேர்த்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சௌராஷ்டிரர்களும் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதுண்டு.

டி.வி. சுந்தரம் அய்யங்காரின் டி-யோ ஊர்தான், திருக்குறுங்குடி. அவர் 1911இல் தொடங்கிய தொழிலால் டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தும் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் பெயராகி, குடும்பத்துக்கே அடையாளம் ஆகிவிட்டது.

இனிஷியல் குடும்பப் பெயராக முற்றியதற்கு இன்னும் நல்ல உதாரணம் பி.டி.ஆர். 1936இல் சில மாதம் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.டி. ராஜனின் முழுப்பெயர் பொன்னம்பல தியாகராஜன். அதாவது 'ராஜன்' சர்நேம் இல்லை, தியாகராஜனில் அறுத்து எடுத்த துண்டு. மகன், 1996 முதல் 2001 வரை சட்டமன்றத் தலைவராக இருந்த பி.டி.ஆர். பழனிவேல் ராஜன். பேரன், 2021இல் நிதியமைச்சரான பழனிவேல் தியாகராஜன். அப்பா பெயரும் தாத்தா பெயரும் சேர்ந்து அவர் பெயர். ராஜன் என்று தேடினால் ஊரில் பாதிப் பேர் வருவார்கள். பி.டி.ஆர். என்று தேடினால்தான் இந்தக் குடும்பம் வரும்.

எழுத்தின் அளவும் ஏமாற்றும். இனிஷியல் என்றால் ஓர் எழுத்துதான் என்று நினைத்துப் பழ. நெடுமாறனைப் 'ப. நெடுமாறன்' என்று திருத்தாதீர்கள். அது பழனியப்பன். நகரத்தார் வீடுகளில் 'கரு.', 'முத்து.' என்றெல்லாம் நீளமாகவே வரும். தியாகராசர் கல்லூரியை 1949இல் நிறுவியவரைக் கரு.முத்து. தியாகராசர் என்று புள்ளி வைத்தும் எழுதுகிறார்கள், கருமுத்து என்று சேர்த்தும் எழுதுகிறார்கள். மகன் கருமுத்து கண்ணன் காலத்தில் புள்ளியே காணாமல் போனது.

சாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராக எண்ணுவது தனி ரகம். உ. முத்துராமலிங்கத் தேவரின் உ என்பது அப்பா உக்கிரபாண்டித் தேவர். 'தேவர்' என்பது பட்டம், அதைப் போட்டவர்கள் எல்லாரும் ஒரே வீட்டார் இல்லை. பிள்ளை என்ற பட்டத்தை வேளாளரும் போட்டார்கள், இசை வேளாளரும் போட்டார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பட்டங்களை விடச் சொன்ன பிறகு, தாத்தா பெயரில் இருக்கும், பேரன் பெயரில் இருக்காது. வம்சாவளி எழுத உட்காருகிறவர்கள் இந்த இடத்தில்தான் நூலை விட்டுவிடுகிறார்கள்.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் கதை. நமக்கு இது வந்து நிற்பது படிவத்தில். பான் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடலாம். ஆனால் 2022இல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்கமாட்டோம் என்றது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆகவே அப்பா பெயரையே சர்நேமாகப் போடுவது உத்தமம், ஆதார் முதல் பாஸ்போர்ட் வரை ஒரே மாதிரி. முக்கியமாக, கூடப் பிறந்தவர்கள் கலந்து பேசிக்கொண்டு போடுங்கள். எங்கள் அண்ணன் ஊர்ப்பெயரைப் போட்டார், நான் அப்பா பெயரைப் போட்டேன், தங்கை காலியாக விட்டுவிட்டாள். அப்பா கணக்கை முடிக்க மூவரும் வங்கிக்குப் போனபோது, கவுண்டரில் இருந்தவர் மூன்று ஆதாரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார், மூணு பேருக்கும் ஒரே அப்பாதானே?"