விளக்கில்லாத மாலைகளில் எங்கள் ஜெபம்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. டீசல் தட்டுப்பாட்டால் ஹட்டனிலிருந்து போதகர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வர முடியவில்லை. மூன்று ஞாயிறு ஆராதனை நின்றுபோனது. மாலை ஜெபத்தில் வேதம் வாசிக்கவும் வெளிச்சமில்லை.

நேரத்தை மாற்றினேன். பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்ததும், பொழுது சாயுமுன் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) அமர்ந்து பிள்ளைகளுக்கு 121ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்வித்தேன். எட்டே வசனங்கள், மலையைப் பார்த்தபடியே படிக்கலாம். இருட்டியதும் அடுப்புத் தணலைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் சொன்னோம். சின்னவள் ஐந்தாம் வசனத்தில் எப்போதும் தடுமாறுவாள். அண்ணன் மெல்ல எடுத்துக்கொடுப்பான்.

ஒருநாள் பாடும்போது பக்கத்துக் காம்பரா (வரிசை வீட்டு அறை) அக்காவின் குரலும் சுவருக்கு அப்பாலிருந்து சேர்ந்துகொண்டது. அடுத்த ஞாயிறு அவர் பிள்ளைகளோடு எங்கள் இஸ்தோப்புக்கே வந்துவிட்டார்.