பட்டறை நடத்துவோருக்கு ராபர்ட் போஷ் காட்டிய வழி

1886இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ராபர்ட் போஷ் தொடங்கிய, பின்னர் போஷ் நிறுவனமாக வளர்ந்த சிறு பட்டறையின் நடைமுறைகள் இன்றும் கைக்கொள்ளத் தக்கவை. முதலில் வேலை நேரத்தைத் திருத்துங்கள். 1906இல் அவர் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்ததால் ஒரு நாளில் இரண்டு ஷிஃப்ட் ஓட்ட முடிந்தது, இயந்திரங்கள் சும்மா நிற்பதும் குறைந்தது. இரக்கத்தோடு கணக்கும் அதில் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, கெட்டிக்காரரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை 1902இல் உருவாக்கியவர் போஷ் அல்லர், அவரிடம் பணியாற்றிய பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட். சிக்கனமும் வேண்டும்: தரையில் கிடந்த காகிதக் கிளிப்பைக் கண்டு, அது தன் பணம் என்று அவர் ஊழியரிடம் கடிந்துகொண்டதாகச் சொல்வார்கள்.

கொடையில்தான் கூடுதல் கவனம் தேவை. 1940இல் மருத்துவமனை திறந்த போஷ் 1942இல் மறைந்தார். இன்று நிறுவனப் பங்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அவர் பெயரிலான அறக்கட்டளையிடம் இருந்தாலும், வாக்குரிமையின் பெரும்பகுதி வேறோர் அமைப்பிடம் உள்ளது. ஆகவே உங்கள் உயிலை எழுதும்போது, லாபம் யாருக்கு, முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதை வழக்கறிஞரைக் கொண்டு தனித்தனியே பிரித்து எழுதுங்கள்.