அரைப் புள்ளியில் நழுவிய குழுப் போட்டி: தோல்வியை அலசும் முறை

நான்கு பலகைச் சதுரங்கக் குழுப் போட்டியில் (ஒரு பலகைக்கு வெற்றி 1, சமநிலை ½) 1½–2½ என்று தோற்றால், போட்டியைச் சமன்செய்யத் தேடவேண்டியது ஒரேயொரு அரைப் புள்ளியை.

ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏறுமுன் எல்லோருடைய நகர்வுத் தாள்களையும் வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போன தாள் திரும்பி வராது. வென்ற பலகையை விடுங்கள். தோற்ற ஆட்டங்களில் 30ஆவது நகர்வுக்குப் பிந்தியதை முதலில் பாருங்கள். கணினி பிறகு வரட்டும்.

பெரும்பாலும் அந்த அரைப் புள்ளியைக் கைவிட்டது ஒரு சிப்பாய் குறைந்த கோட்டை முடிவாட்டமாக இருக்கும்: இரு பக்கமும் ராஜாவும் கோட்டையும், எதிரியிடம் மட்டும் ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாய் ராணியாகும் கட்டத்தில் உங்கள் ராஜா நிற்கட்டும். கோட்டையை உங்கள் பக்கமிருந்து மூன்றாவது வரிசையில் வையுங்கள். எதிரி ராஜாவுக்கு அங்கே கால்வைக்க முடியாது. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த பிறகே கோட்டையை மறுகோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடுக்கவேண்டும். அப்போது எதிரி ராஜாவுக்கு ஒதுங்கச் சிப்பாயின் முன்னால் இடமில்லை. கோட்டை முந்திப் போனால் எதிரி ராஜா முன்னேறிவிடும், தப்புவது கடினமாகும். இரண்டு பேர் மாறி மாறி இருந்து பத்துத் தடவை ஆடிப் பாருங்கள்.

குழுத் தலைவரும் கணக்கறிய வேண்டும்: 1–2 என்றிருக்கையில் கடைசிப் பலகை சமநிலைக்கு ஒப்பக்கூடாது. விதி அனுமதித்தால் “வேண்டாம்” என்று மட்டும் சொல்லலாம். காய்நிலை பற்றி வாய்திறக்கக் கூடாது.