பட்டறை இல்லாமல் வீட்டிலேயே மெத்தைப் பெட்டி செய்வது எப்படி?

மேலே உட்காரலாம், உள்ளே போர்வை, தலையணைகளை அடுக்கலாம். வெளி அளவு 90 × 40 செ.மீ., உட்காரும் உயரம் 43 செ.மீ., உள்ளே ஏறக்குறைய 110 லிட்டர் இடம். பலகையை வாங்கும் இடத்திலேயே மெஷினில் அறுத்து வாங்கிவிடுங்கள். கைரம்பத்தில் அறுத்து 2 மி.மீ. கோணினாலும் மூடி கடைசிவரை சரியாக உட்காராது. மற்ற வேலைக்கு ஒரு டிரில், ஒரு ஸ்டேப்ளர் கன், மூலைமட்டம், குத்தூசி போதும்.

அறுக்கக் கொடுக்க வேண்டிய அளவுகள் (செ.மீ.):

- 18 மி.மீ. பிளைவுட்: முன், பின் பலகை 90 × 35 (2), பக்கப் பலகை 36.4 × 35 (2), மூடி 90 × 40 (1)
- 12 மி.மீ. பிளைவுட்: அடிப்பலகை 90 × 40 (1)
- 25 × 25 மி.மீ. மரச்சட்டம்: 32.5 நீளம் (4), 86 நீளம் (1)

பக்கப் பலகை 40 அல்ல, 36.4. முன்பலகையும் பின்பலகையும் ஆளுக்கு 1.8 எடுத்துக்கொள்கின்றன. அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

பிளைவுட்டின் விளிம்பில் துளை போடாமல் திருகு ஏற்றினால் அடுக்குகள் பிளந்துவிடும். அதனால் மூலைகளில் பலகையோடு பலகையை நேரே திருகாமல், உள்மூலையில் மரச்சட்டம் வைத்து இரண்டையும் அதில் பிடிக்கிறோம். சட்டத்தின் அடி, பலகையின் அடியோடு சமமாக இருக்கட்டும். மரப்பசை தடவி, சட்டத்திலிருந்து பலகைக்கு 3.5 × 35 மி.மீ. திருகு, ஒரு பலகைக்கு மூன்று. சட்டமும் பலகையும் சேர்ந்து 43 மி.மீ.தான், 40 மி.மீ. திருகு போட்டால் வெளிப்பக்கம் புடைத்துவிடும். இரு திசைத் திருகுகளும் உள்ளே மோதாமல் உயரத்தை மாற்றிப் போடுங்கள். 86 செ.மீ. சட்டம் பின்பலகையின் மேல்விளிம்பை ஒட்டி, இரண்டு மூலைச் சட்டங்களின் தலையில் உட்காரும். கீலின் முழுப் பாரமும் இதன் மேல்தான்.

பசை காய்வதற்குள் குறுக்களவைப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே இரண்டு பக்கமும் 98.5 செ.மீ. வர வேண்டும். வித்தியாசம் இருந்தால், நீளமாக உள்ள மூலைகளை உள்நோக்கி அழுத்தினால் நேராகிவிடும். உடனே அடிப்பலகையைப் பசை போட்டு, 15 செ.மீ.க்கு ஒரு திருகு வீதம் பிடித்துவிடுங்கள். இவை விளிம்பில் இறங்குவதால் 2.5 மி.மீ. முன்துளை கட்டாயம். துணி கிழியாமலிருக்க, கூரான விளிம்புகளை உப்புத்தாளால் லேசாக உருட்டிவிடுங்கள்.

இனி மூடி. ஃபோம் 5 செ.மீ. கனம், ஒரு கன மீட்டருக்கு 32 முதல் 40 கிலோ அடர்த்தி. அடர்த்தியும் கெட்டித்தன்மையும் ஒன்றல்ல. அடர்த்தி குறைந்த ஃபோம் கடையில் அழுத்தும்போது கெட்டியாகவே தெரியும், ஆனால் சீக்கிரம் பள்ளம் விழுந்துவிடும். 91 × 40.5 செ.மீ. வெட்டினால் முன்னும் பக்கங்களிலும் அரை செ.மீ. மிஞ்சும், துணி இழுக்கும்போது அது விளிம்பை நிறைக்கும். பின்பக்கம் மட்டும் பலகையோடு சமமாக ஒட்டுங்கள். மேலே மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு போட்டால் விளிம்புக்கோடு துணியில் தெரியாது.

140 செ.மீ. அகலத் துணி 2.7 மீட்டர் போதும். அதில் பெட்டியைச் சுற்ற 265 × 50, மூடிக்கு 115 × 65. மூடித் துணியைக் கவிழ்த்து விரித்து, மேலே மூடியை ஃபோம் கீழாக வைத்து, நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். பிறகு எதிரெதிராக, நடுவிலிருந்து மூலைநோக்கி 3 செ.மீ.க்கு ஒன்று. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனால் துணி கோணலாக இழுபட்டு, கோடுள்ள துணியில் அப்பட்டமாகத் தெரியும். மூலை மடிப்பு முன்பக்கம் தெரியாமல் பக்கவாட்டில் விழட்டும். உள்ளே சேரும் உபரித் துணியை வெட்டாவிட்டால் மூலை கட்டியாக நிற்கும். ஸ்டேப்ளர் பின்னின் கால் நீளம் 8 முதல் 10 மி.மீ.; அதைவிடக் குட்டையானது மடிப்புகளைத் தாண்டி மரத்தைப் பிடிக்காது. பெட்டியில் துணி பின்பக்க நடுவில் தொடங்கி அங்கேயே முடியும்: அடியில் 5, மேலே உள்ளே 8 செ.மீ. மடித்து அடியுங்கள்.

கீல் மாட்டும் இடத்தில் அவசரப்படாதீர்கள். டிரில் பிட் துணியில் பட்டால் ஒரு நூலைச் சுற்றிக்கொண்டு இழுக்கும். புதுத் துணியில் நீளமாகக் கோடு விழுந்துவிடும். குத்தூசியால் துணியைக் குத்தி, மரத்திலும் அதாலேயே குழி போட்டு, 15 மி.மீ. திருகைக் கையால் முடுக்குங்கள். பியானோ கீலின் (நீளமான பட்டைக் கீல்) ஒரு தகடு பெட்டியின் பின்பக்க மேல்விளிம்பில், மற்றது மூடியின் அடியில். குழல் பின்னால் வெளியே நிற்க வேண்டும். தகடுகளின் கனத்தால் பின்பக்கம் 2, 3 மி.மீ. உயரும். முன் மூலைகளில் அதே கனத்தில் ரப்பர் பொட்டு ஒட்டினால் மூடி மட்டமாகும், உள்ளே காற்றும் போகும்.

திறந்த மூடி பெட்டிக்குப் பின்னால் ஏறக்குறைய 7 செ.மீ. இடம் கேட்கும். சுவரை ஒட்டிப் போட்டால் மூடி முழுதும் நிமிராமல் கையில் விழும், 10 செ.மீ. விட்டுப் போடுங்கள். மெதுவாக இறங்கும் மூடித்தாங்கி இரண்டு பக்கமும் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் வைக்கவே கூடாது. காற்றுப் போக, துணி அடிக்கும் முன்பே பின்பலகையில் 20 மி.மீ. துளைகள் நான்கு போட்டு, அடித்த பிறகு அந்த இடத்தில் துணியையும் வெட்டித் திறந்துவிடுங்கள்.