உளவுப் படத்தில் குடும்பக் கதை: கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவாளி நாயகனாக வரும் ஓர் ஆக்‌ஷன் படத்தில் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கும் பெரிய இடம் தரப்பட்டிருந்தால், பார்வையாளர் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகின்றன. சண்டைக் காட்சிகள் பிரமாதம், சென்டிமென்ட்தான் படத்தை இழுக்கிறது என்கிறது ஓர் அணி. குடும்பக் காட்சிகள் மனத்தைத் தொட்டன, துப்பாக்கிச் சத்தம்தான் தாங்க முடியவில்லை என்கிறது மற்றோர் அணி. இரண்டுமே நேர்மையான கருத்துகளாக இருக்கலாம். ஆனால் படத்தை இரண்டாக வெட்டி, பிடித்த பாதிக்கு மட்டும் மதிப்பெண் போடும்போது, அந்தப் பாதிகள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்ற கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடுகிறது. இவ்வகைப் படம் தேறுவதும் தேறாததும் அந்த இடத்தில்தான் முடிவாகிறது என்பது என் உறுதியான கருத்து.

எனவே முதல் தவறு, குடும்பக் காட்சிகளை இரண்டு சண்டைகளுக்கு நடுவே வரும் ஓய்வு நேரமாகக் கருதுவது. இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள்: இரவு உணவின்போது மகள் தன் பள்ளி விழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள், தந்தையின் கைப்பேசி அதிர்கிறது, அலுவலகத்தில் அவசர வேலை என்று சொல்லி அவர் எழுந்துகொள்கிறார், மனைவி எதுவும் கேட்காமல் அவருடைய தட்டை எடுத்து மூடி வைக்கிறாள். துப்பாக்கியோ துரத்தலோ இல்லாத இந்தச் சிறு காட்சியில், அவர் பல ஆண்டுகளாகப் பொய் சொல்லி வருகிறார் என்பதும், அந்தப் பொய்யை மனைவி பாதி உணர்ந்திருக்கிறாள் என்பதும் பதிவாகிவிடுகின்றன. பின்னால் அவர் எதிரியைத் துரத்துவதை விட்டுவிட்டு வீட்டை நோக்கி வண்டியைத் திருப்பினால், அந்த முடிவு நமக்குப் பதற்றம் தருவதற்குக் காரணம் முன்னர் பார்த்த இந்தக் காட்சியே. மாறாக, இதை நீக்கிய பிறகும் நாயகனின் எந்த முடிவும் மாறாது என்றால், படம் இழுக்கிறது என்ற குறை நியாயமானது. குறை சொல்வதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால், ‘லேக்’ (இழுவை) என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும் கருத்துகளில் பாதி வேறு விதமாக எழுதப்படும்.

இதே சோதனை எதிர்த்திசையிலும் பொருந்தும். கடைசி அரை மணி நேரத்தில் வில்லன் கடத்திச் செல்வதற்காக மட்டுமே மனைவியும் குழந்தையும் படைக்கப்பட்டிருந்தால், குடும்பப் பாசம் நிறைந்த படம் என்று அதைப் பாராட்டுவது அவசரப் பாராட்டு. கட்டிவைக்கப்பட்டிருப்பவரைப் பற்றி, அவர் நாயகனின் உறவினர் என்பதைத் தவிர நமக்கு வேறு எதுவும் தெரியாதபோது, அங்கே உண்மையில் இருப்பது உறவு அன்று, மிரட்டல் மட்டுமே. ஜேம்ஸ் கேமரூன் இயக்கி 1994இல் வெளியான ‘ட்ரூ லைஸ்’ படத்தில், மனைவிக்கு வேறு ஒருவருடன் தொடர்பு இருக்குமோ என்று ஐயுறும் உளவாளி, தன் துறையின் ஆட்களையும் கருவிகளையும் கொண்டு அவளையே வேவு பார்க்கிறான். உளவும் திருமணமும் அங்கே ஒரே காட்சியில் மோதிக்கொள்கின்றன. அதை நகைச்சுவையாக ரசிக்கலாம், கணவனின் அத்துமீறல் என்று கண்டிக்கவும் செய்யலாம். இரண்டுமே படத்தின் மையத்தைத் தொடும் கருத்துகள்.

அடுத்தது நம்பகத்தன்மை பற்றியது. நாயகன் பத்துப் பேரை ஒற்றை ஆளாக அடித்து வீழ்த்துவதை ஏற்றுக்கொள்ளும் பார்வையாளரே, கணவனின் உண்மையான வேலை மனைவிக்கு இத்தனை காலம் தெரியாமல் இருக்குமா என்று கேட்பதுண்டு. இது முரண்பாடான கேள்வி என்று ஒதுக்கிவிடக் கூடாது. சண்டையில் மிகை என்பது இவ்வகைப் படங்களின் மரபு. மனிதர் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தில் அந்தச் சலுகை கிடையாது. தவறு எங்கே நேர்கிறது என்றால், உண்மையான உளவுத் துறைகள் இப்படி இயங்குவதில்லை என்று பட்டியல் போடுவதில்தான். படம் தானே வகுத்துக்கொண்ட விதியைத் தானே மீறுகிறதா என்று பார்ப்பதே பயனுள்ள கேள்வி.

பிறருடைய கருத்துகளை எண்களாகப் படிப்பதிலும் கவனம் தேவை. திரை விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களின் பெயரில் காணப்படும் சதவீதம் சராசரி மதிப்பெண் அன்று. எத்தனை விமர்சனங்கள் சாதகமானவை என்பதன் விகிதம். எல்லோரும் ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்ற அளவில் மட்டுமே பாராட்டியிருந்தாலும் அந்த எண் மிக உயரமாக நிற்கும். அமெரிக்காவின் சினிமாஸ்கோர் நிறுவனம் படம் வெளியாகும் நாளில் திரையரங்குக்கு வந்தவர்களிடம் கேட்டே தரமிடுகிறது. முதல் நாளே வருபவர்கள் படத்தை விரும்பக் காத்திருந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். சராசரியோ வேறு வகையில் ஏமாற்றும். பாதிப் பேர் 9, மீதிப் பேர் 3 என்று கொடுத்தாலும் சராசரி 6. எல்லோரும் 6 கொடுத்தாலும் அதே 6. குடும்பமும் உளவும் கலந்த படங்கள் முதல் வகைப் பிளவை எளிதில் உண்டாக்கக்கூடியவை என்பதால், பார்வையாளர்கள் மதிப்பெண் இடும் ஐஎம்டிபி போன்ற தளங்களில் வாக்குகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இறுதியாக, பெற்றோரை நேரடியாகப் பாதிக்கும் ஒரு தவறு உண்டு. குடும்பத்தைப் பற்றிய படம் என்பதாலேயே அது குடும்பத்தோடு பார்க்கத்தக்க படம் என்று எழுதிவிடுகிறார்கள். ராபர்ட் ரோட்ரிகஸின் ‘ஸ்பை கிட்ஸ்’ (2001) சிறுவர்களுக்காகவே எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு, பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர்கள் பார்க்கலாம் என்னும் பிஜி சான்று கிடைத்தது. மேலே சொன்ன ‘ட்ரூ லைஸ்’ படமும் கணவன், மனைவி, மகள் என்ற மூவரைச் சுற்றியே நகர்கிறது. ஆனால் அதற்குக் கிடைத்தது, 17 வயதுக்கு உட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்க இயலாத ஆர் சான்று. ஆகவே கருத்தில் பாசம், கண்ணீர் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், ரத்தம் எவ்வளவு, சித்திரவதைக் காட்சி உண்டா, குழந்தை மிரட்டப்படுகிறதா என்பவற்றையும் குறிப்பிட வேண்டும். சிறுமி ஒருத்தி நாற்காலியில் கட்டிவைக்கப்படும் காட்சி சில நொடிகளே வந்தாலும், அதே வயதுப் பிள்ளையை அழைத்துச் செல்ல நினைப்பவருக்கு அந்தத் தகவல் தேவை. யார் துரோகி, யார் பிழைக்கிறார் என்பதையெல்லாம் வெளியிடாமலேயே அதைச் சொல்லிவிட முடியும்.