ஒரே வடிவம், இரண்டு வேலை: ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பெயரும் வினையும் மயங்கும் இடங்கள்

'செயலைக் குறிப்பது வினைச்சொல்' என்று மனப்பாடம் செய்துகொண்டு ஆங்கிலத்திற்குள் நுழைவதே முதல் தவறு. 'ஓட்டம்' என்பதும் செயலைத்தான் குறிக்கிறது. ஆனால் அதை நாம் தொழிற்பெயர் என்கிறோம். 'அவனுக்கு அடி விழுந்தது' என்னும்போது வினையடியே விகுதி ஏதுமின்றிப் பெயராக நிற்பதால், இந்த மயக்கம் தமிழருக்குப் புதிதும் அன்று. ஆங்கிலத்தில் அது மிகுதி, அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் 'லுஃபு' என்றால் அன்பு, 'லுஃபியன்' என்றால் அன்பு செய்தல். ஈறுகள் காலப்போக்கில் தேய்ந்து விழுந்தபின் இரண்டும் 'லவ்' என்ற ஒரே வடிவில் வந்து நின்றன.

வடிவம் ஒன்றாகிவிட்டதால் அதைத் தொடரும் சொற்களும் ஒன்றே என்று கொள்வது அடுத்த தவறு. நம்மவர் பெரிதும் இடறுவது இங்கேதான். 'ரெக்வெஸ்ட்' பெயராக வரும்போது அதன்பின் 'ஃபார்' வரும். வினையாகிவிட்டால் அது செயப்படுபொருளை நேரே ஏற்கும். ஆகவே விடுப்புக் கடிதத்தில் 'ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று பொருள்வரியில் எழுதுவது சரி; 'ஐ ரெக்வெஸ்டட் ஃபார் லீவ்' என்று எழுதுவது பிழை. 'டிஸ்கஷன் அபவுட்' என்ற பெயர்த்தொடரின் பழக்கம்தான் 'டிஸ்கஸ் அபவுட்' என்ற பிழையையும் வளர்க்கிறது. ஒலிப்பிலும் கவனம் வேண்டும்: 'ரெக்கார்டு' பெயரானால் முதலசையிலும், வினையானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும்.

ஆங்கிலத்தின் இந்தத் தாராளத்தைப் பிரெஞ்சிலும் எதிர்பார்க்கக் கூடாது. 'இயலுதல்' என்னும் பொருளுடைய 'பூவார்' அதிகாரத்தையும், உணவருந்துதலைக் குறிக்கும் 'தினே' இரவுணவையும் குறிக்கும் பெயர்களாக நிலைத்துவிட்டன என்பது உண்மையே. ஆனால் அதைப் பார்த்து, கண்ட வினைக்கெல்லாம் முன்னால் 'லெ' (ஆங்கில 'த' போலப் பெயருக்கு முன் வரும் சொல்; பெண்பாலுக்கு 'லா') சேர்த்துப் பெயராக்கிவிட முடியாது. நடையைக் குறிக்க 'லா மார்ஷ்' என்றே சொல்ல வேண்டும். 'நடத்தல்' என்னும் வினையான 'மார்ஷே'க்கு முன் 'லெ' சேர்த்து 'லெ மார்ஷே' என்றால் கேட்பவர் சந்தையைத்தான் நினைப்பார்.

'லெ', 'லா' முன்னால் வந்தாலே அடுத்து வருவது பெயர் என்று முடிவுகட்டுவது எல்லாவற்றிலும் ஆழமான பள்ளம், ஏனெனில் அவை 'அவனை', 'அவளை', 'அதை' என்னும் பொருளிலும் வினைக்கு முன் நிற்கும். பிரெஞ்சு இலக்கண வகுப்புகளில் காட்டப்படும் 'லா பெத்தீத் பிரீஸ் லா கிளாஸ்' என்ற தொடரைப் பாருங்கள். 'பிரீஸ்' வினையானால் 'சிறுமி பனிக்கட்டியை உடைக்கிறாள்' என்று பொருள். அதுவே பெயரானால் 'கிளாஸ்' வினையாகி, 'இளங்காற்று அவளைக் குளிரில் உறையவைக்கிறது' என்று முழுத்தொடரும் மாறிவிடுகிறது. எந்தப் பொருள் என்பதை முன்பின் வாக்கியங்களே சொல்லும்.

எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. தலைவரைக் குறிக்கும் 'பிரெசிதாங்' என்ற பெயரும், 'அவர்கள் தலைமை தாங்குகிறார்கள்' என்னும்போது வரும் 'பிரெசீத்' என்ற வினையும் ஒரே எழுத்துக்களால் எழுதப்படுவதால், உரக்கப் படிப்பவர் வாய் திறக்கும் முன்பே அது பெயரா வினையா என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.